காலி டேங்க்

(மைசூரு, விஜயநகர் மாலை வகுப்பில் பேசியது)



பின்னால் நிற்கும் அண்ணன்மார்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியம்மா, அந்தப் பாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள். இன்று புத்தகம் வேண்டாம். பையிலேயே இருக்கட்டும். இன்று நான் பேசப் போகிறேன். நீங்கள் கேளுங்கள். சந்தேகம் வந்தால் நடுவிலேயே கேட்கலாம்.

போன புதன்கிழமை வகுப்பு முடிந்தது. நான் விளக்கை அணைக்கப் போனேன். நம் வேன் ஓட்டும் அண்ணன் மட்டும் போகாமல் நின்றார். "டீச்சரம்மா, ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள்" என்றார்.

அவருடைய வண்டி பழைய ஆம்னி. பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறது. மூன்று மாதமாகக் குளிக்கிற சோப்பைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டுகிறார். இப்போது சோப்பும் நிற்கவில்லை. அதனால் ஒரு முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே டேங்கைக் கழற்றுவது. மச்சான் கொண்டு வரும் மிஷினில் வெல்டிங் வைப்பது. அதோடு ஒரு தகட்டைச் சேர்த்து டேங்கையும் கொஞ்சம் பெரிதாக்குவது. பெட்ரோல் ஊற்றும் வாய்க்குழாயையும் அகலமாக்குவது. இதற்கெல்லாம் வேண்டிய சாமான் பட்டியல்தான் அந்தச் சீட்டு.

சீட்டை வாசித்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர் எழுதிய சீட்டு. பிழை ஒன்றே ஒன்றுதான். 'குழாய்' என்பதை 'குலாய்' என்று எழுதியிருந்தார். திருத்தினேன். எழுத்தில் ஒரு பிழைதான். ஆனால் சீட்டில் இருந்த வேலை முழுவதும் பிழை. அதை அவரிடம் சொன்னேன். "அப்படியா? எல்லோரையும் வைத்துச் சொல்லுங்கள். இங்கே முக்கால்வாசிப் பேர் வண்டிக்காரர்கள்தானே" என்றார். இன்று வெள்ளி. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் நடுவில் இருக்கிறது. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

நான் மெக்கானிக் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். ஆனால் என் பெரியப்பா பட்டறை வைத்திருந்தார். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் அந்தப் பட்டறையில் கணக்கு எழுதினேன். அங்கே பார்த்தது உண்டு, கேட்டது உண்டு. பெரியப்பாவுக்கு நடந்ததையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி.

பெட்ரோல் நிறைந்த டேங்க் ஒன்று. பெட்ரோலை வடித்துவிட்ட காலி டேங்க் ஒன்று. இரண்டில் எது அதிக ஆபத்து?

'நிறைந்த டேங்க்' என்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நெருப்பு வைக்கிற வேலைக்குக் காலி டேங்க்தான் பெரிய எமன்.

ஏன் என்று பார்ப்போம். பெட்ரோல் தண்ணீர் போல இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவியும் தனியாக எரியாது. காற்றோடு கலக்க வேண்டும். கலப்பதற்கும் ஒரு அளவு உண்டு. 100 பங்கு கலவையில் ஒன்றரைப் பங்கு ஆவி வந்ததுமே அது பற்றும். ஏழரைப் பங்கு வரை பற்றும். அதற்கு மேல் போனால் காற்று போதாது. பற்றாது.

சாம்பாரில் உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தாலும் வேலைக்கு ஆகாது. கூடினாலும் ஆகாது. நடுவில் ஒரு அளவு. பெட்ரோல் ஆவிக்கு அந்த நடு அளவுதான் வெடி.

பெட்ரோல் இருக்கும் டேங்கில், பெட்ரோலுக்கு மேலே ஆவி அடர்த்தியாக நிற்கும். பொதுவாக ஏழரைப் பங்கைத் தாண்டியே நிற்கும். அதனால் உள்ளே சட்டென்று வெடிக்காது. அதற்காக நிறைந்த டேங்கிடம் பீடி பற்ற வைக்கலாம் என்று அர்த்தமில்லை. வாயில் வந்து காற்றோடு கலக்கும் இடத்தில் நன்றாகவே பற்றும்.

இப்போது காலி டேங்கைப் பாருங்கள். ஆம்னி டேங்க் சுமார் 35 லிட்டர் பிடிக்கும். பெட்ரோலை எல்லாம் வடித்துவிட்டோம். கவிழ்த்துத் தட்டியும் விட்டோம். ஆனால் ஓர் ஓரத்தில், தகடு மடிந்த இடத்தில், கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. எவ்வளவு? நாம் மருந்து குடிக்கிற ஒரு டீஸ்பூன். ஐந்து மில்லி. அது முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆவி ஆகும். 35 லிட்டர் இடத்தில் ஒரு லிட்டர் ஆவி. 100க்குச் சுமார் மூன்று பங்கு. ஒன்றரைக்கும் ஏழரைக்கும் நடுவில் சரியாக வந்து உட்காருகிறது.

ஒரு டீஸ்பூன் அக்கா. பிள்ளைக்கு இருமல் மருந்து கொடுக்கிற அளவு.

'வெயிலில் இரண்டு நாள் காய வைத்தால் போகாதா?' என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. பெட்ரோல் ஆவியின் எடை என்ன? காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே கிளம்பிப் போகாது. கிணற்றடியில் தண்ணீர் தேங்குகிற மாதிரி டேங்கின் அடியில் தேங்கி நிற்கும். குளிர் காலத்தில் ஆவி வராது என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் உறையும் குளிரைவிட இன்னும் நாற்பது டிகிரி கீழே போனாலும் பெட்ரோல் பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். நம் மைசூருக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

'சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால்?' என்று அந்த அண்ணன் அன்றே கேட்டார். பழைய டேங்குக்குள் துரு இருக்கும். துருவுக்குள் பெட்ரோல் ஊறியிருக்கும். பெட்ரோல் குலுங்காமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடுகளும் இருக்கும். அவற்றின் இடுக்கிலும் இருக்கும். கழுவினால் மேலே உள்ளதுதான் போகும். வெல்டிங் சூடு பட்டதும் இடுக்கில் இருப்பது ஆவியாக வெளியே வரும். கழுவியபோது மூக்குக்கு வாசனை இல்லை. சூடு பட்ட பிறகு உள்ளே கலவை தயார்.

பெரியப்பா செய்ததும் இதுதான்.

அவர் நாற்பது வருடம் வண்டி வேலை பார்த்தவர். தெரியாதவர் இல்லை. தெரிந்தவர்தான். ஒரு பழைய அம்பாசிடர் டேங்க் வேலைக்கு வந்தது. மூன்று நாள் முன்னாலேயே வடித்து வைத்தாயிற்று. இரண்டு முறை சோடா உப்பு போட்டுக் கழுவியும் ஆயிற்று. வண்டிக்குச் சொந்தக்காரர் மாலைக்குள் வேண்டும் என்று நின்றார். பெரியப்பா மூக்கை வாயருகில் வைத்து மோந்து பார்த்தார். "ஒன்றுமில்லை" என்றார். கேஸ் வெல்டிங் பற்ற வைத்தார்.

நான் உள்ளறையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே சத்தம். மேஜை மேல் இருந்த டம்ளர் உருண்டது. ஓடி வந்து பார்த்தேன். டேங்க் பலாப்பழம் வெடித்த மாதிரி மடிப்பு ஓரம் முழுவதும் பிளந்து கிடந்தது. பெரியப்பா சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. உதவிக்கு இருந்த பையன் அந்த நேரம் டீ வாங்கப் போயிருந்தான். அதனால் பிழைத்தான். பிளந்த தகடு அவன் எப்போதும் நிற்கும் இடத்தில்தான் போய்ச் செருகியிருந்தது.

கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. வலது காது அன்றோடு போயிற்று. இன்றைக்கும் அவரிடம் பேசினால் இடது பக்கம் போய்த்தான் பேச வேண்டும். பட்டறையை மூடிவிட்டார். 'மோந்து பார்த்தேனே, மோந்து பார்த்தேனே' என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாள் முழுவதும் பெட்ரோல் வாசனையில் இருப்பவர் மூக்குக்குப் பெட்ரோல் வாசனை தெரியாது. மீன் விற்கிறவருக்கு மீன் வாசனை தெரியுமா?

பெரிய ஒர்க் ஷாப்புகளில் டேங்க் வேலை செய்கிறார்களே என்பீர்கள். செய்கிறார்கள். கொதிநீராவி விட்டு நெடுநேரம் சுத்தம் செய்வார்கள். நெருப்புக்கு உதவாத வாயுவை உள்ளே நிரப்புவார்கள். ஆவி இருக்கிறதா என்று மூக்கை வைத்துப் பார்ப்பதில்லை. கருவி வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கருவி வீட்டு வாசலில் ஏது?

புதிய கார்கள் பலவற்றில் டேங்க் பிளாஸ்டிக்கில் வருகிறது. அதில் வெல்டிங் என்ற பேச்சே இல்லை. சூடு காட்டி ஒட்டுகிறேன் என்று சிலர் வருவார்கள். அனுப்பிவிடுங்கள்.

சரி. டேங்க் போதும். இனி வாய்க்குழாய். அண்ணன் அதையும் அகலமாக்க நினைத்தாரே.

பார்ப்பதற்கு அது வெறும் குழாய். ஆனால் உள்ளே நிறைய வேலை நடக்கிறது. குறுகிய வாய்ச் சொம்பைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். 'குளக் குளக்' என்று சத்தம் வரும். தண்ணீர் உள்ளே போக வேண்டுமானால் உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வேண்டும். இரண்டும் ஒரே வாயில் இடித்துக்கொள்கின்றன. அதுதான் சத்தம். டேங்கில் அந்தத் தொல்லை வராமல் இருக்க, பெரிய குழாயோடு ஒரு சின்னக் குழாயும் ஓடும். காற்று வெளியே வர அதுதான் வழி. வாய்க்குழாயை வெட்டி ஒட்டும்போது பலர் இந்தச் சின்னக் குழாயை மடக்கிவிடுவார்கள். சிலர் 'இது எதற்கு' என்று எடுத்தே விடுவார்கள். பிறகு பங்க்கில் பெட்ரோல் பிடிக்கும்போது எதிர்த்து அடிக்கும். சட்டையில் தெறிக்கும்.

பங்க்கில் டேங்க் நிறைந்ததும் 'டக்' என்று தானாக நிற்கிறதே, எப்படித் தெரியுமா? ஊற்றும் துப்பாக்கியின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. ஊற்றும்போது அந்தத் துளை காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மேலே வந்து துளையை மூடியதும் காற்று கிடைக்காது. உடனே உள்ளே இருக்கும் விசை விழுந்துவிடும். கரண்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். வாய்க்குழாயின் அகலமும் சாய்வும் சரியாக இருந்தால்தான் இது சரியாக நடக்கும்.

வாய்க்குழாய்க்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். பின்னால் ஒரு வண்டி இடித்தால் இந்த இடம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியின் பின்டோ என்ற காரில் இது ஒரு பெரிய வழக்காகவே ஆயிற்று. பின்னால் இடித்தால் வாய்க்குழாய் கழன்று பெட்ரோல் கொட்டித் தீப்பிடிக்கிறது என்று புகார் வந்தது. 1978-ல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். என்ன மாற்றினார்கள்? நீளமான வாய்க்குழாய், நல்ல சீல், டேங்குக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. அவ்வளவுதான். அந்தச் சின்ன வேலையை முதலிலேயே செய்திருக்கலாம்.

வாயை அகலமாக்கின கதையும் அமெரிக்காவில் உண்டு. அண்ணன் முதல் ஆள் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

முன்பு பெட்ரோலில் ஈயம் கலப்பார்கள். பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வேறு. அது வெள்ளீயம். இது காரீயம். விஷம். எஞ்சினில் 'கட கட' என்று தட்டும் சத்தம் வராமல் இருக்க இதைக் கலந்தார்கள். 1921-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். உலகம் முழுவதும் பரவியது. புகையோடு ஈயம் காற்றில் வந்தது. தெருவில் விளையாடும் பிள்ளைகள் மூச்சில் இழுத்தார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். படிப்பு ஏறாது. இவ்வளவு ஈயம் உடம்பில் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது.

1975-ம் வருட மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் புகையைச் சுத்தம் செய்யும் ஒரு பெட்டியைப் புகைக்குழாயில் வைத்தார்கள். ஈயம் பட்டால் அந்தப் பெட்டி செத்துவிடும். அதனால் அந்தக் கார்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் மட்டும்தான். ஆள் மறந்து மாற்றிப் போட்டுவிடக் கூடாதே! அதற்கு ஒரு வழி செய்தார்கள். ஈயமில்லாத பெட்ரோலின் துப்பாக்கி மூக்கு 21 மில்லிமீட்டர். ஈயப் பெட்ரோலின் மூக்கு 24 மில்லிமீட்டர். புதிய கார்களின் வாய்க்குழாய்க்குள் ஒரு குறுகிய வளையம் வைத்தார்கள். சின்ன மூக்கு போகும். பெரிய மூக்கு போகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தப்புச் செய்ய முடியாது. எனக்கு இந்த யோசனை மிகவும் பிடிக்கும்.

ஆனால் மனிதர்கள் என்ன செய்தார்கள்? ஈயப் பெட்ரோல் விலை கொஞ்சம் குறைவு. அதனால் வீட்டிலேயே ஒரு கம்பியை விட்டு அந்த வளையத்தை உடைத்தார்கள். சிலர் புனல் வைத்து ஊற்றினார்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே அரசு சோதனை செய்து பார்த்தபோது, பத்து வண்டியில் ஒன்றுக்கு மேல் இப்படித் தப்புப் பெட்ரோல் ஓடியது. மிச்சம் பிடித்தது சில்லறைக் காசு. கெட்டுப்போனது விலை உயர்ந்த அந்தப் பெட்டி. பிள்ளைகள் மூச்சில் போனதற்கு விலை யார் போடுவது?

நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. உலகத்திலேயே கடைசியாக நிறுத்தியது அல்ஜீரியா. 2021-ல்தான் நிறுத்தினார்கள். அந்தக் காலத்துக் கார்களில் மூடியைத் திறந்தால் உள்ளே 'அன்லெடட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஈயமில்லாதது என்று அர்த்தம். உங்களில் யார் வண்டியிலாவது இருந்தால் நாளைக்கு அந்த எழுத்துகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். வகுப்பில் சேர்ந்து வாசிப்போம்.

அந்தக் குறுகிய வாயால் இன்றும் ஒரு பயன் உண்டு. டீசல் துப்பாக்கியின் மூக்கு பெரும்பாலும் பெரியது. பெட்ரோல் காரின் குறுகிய வாயில் அது சுலபமாக நுழையாது. அகலமாக்கினால்? நுழையும். இரவு நேரம், தூக்கக் கலக்கம், பங்க் பையன் புதிது. நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

தேவைக்காக வீட்டிலேயே வண்டியை மாற்றினவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இலங்கையில் யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு போர்க்காலம். அரசாங்கத் தடையால் பெட்ரோல் உள்ளே வருவதில்லை. கிடைத்தால் தங்க விலை. அங்கே நம் தமிழ் மக்கள் பழைய மோரிஸ் மைனர் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. பற்றாது. அதனால் சின்னப் புட்டியில் சொட்டுப் பெட்ரோல் வைத்திருப்பார்கள். முதலில் அதைக் கார்புரேட்டரில் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். தெரு முழுவதும் புகை. எஞ்சின் சீக்கிரம் தேயும். எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமே. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்களும் அவர்களே. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

இன்னொன்று. சமையல் கேஸ் சிலிண்டரை வேனில் வைத்து ஓட்டுவது. நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ. அடுப்புக்காகச் செய்தது. வண்டிக்கான கேஸ் டேங்க் வேறு. அதில் 100க்கு 80 பங்கு நிறைந்ததும் தானாக மூடும் வால்வு உண்டு. வெயிலில் கேஸ் விரிவதற்கு மிச்ச இடம் வேண்டும். வீட்டுச் சிலிண்டரில் அந்த வால்வு இல்லை. குலுங்காமல் பிடிக்கும் பட்டையும் இல்லை. கேஸும் காற்றைவிடக் கனம்தான். வேனுக்குள் கசிந்தால் கீழே தேங்கும். அதே வேனில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வண்டிக்குக் கேஸ் போட 2001-ல் தனி ஆணை வந்துவிட்டது. அனுமதி பெற்ற கடையில் முறையான கிட் போட்டு, ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆர்.சி. என்றதும் ஞாபகம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988. அதில் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை நாமே மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டும்கூட விழலாம். டேங்க் ஒன்று, குழாய் ஒன்று என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

இப்போது அண்ணனின் கஷ்டத்துக்கு வருவோம். அவர் ஆசைப்பட்டு இதைச் செய்யவில்லை. புது டேங்க் விலை அதிகம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டேங்கைப் பெரிதாக்கினால் அடிக்கடி பங்க் போக வேண்டாம் என்பது ஒரு நினைப்பு. ஊட்டிப் பக்கம் சவாரி போவதற்கு வசதி என்பது இன்னொரு நினைப்பு. நேற்று நான் பெரியப்பாவிடம் கேட்டேன். இடது காதுப் பக்கம் நின்று கேட்டேன். அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டுமாம். பழைய வண்டியில் ஒழுக்கு எப்போதும் டேங்கில் இருக்காது. பல நேரம் அந்த ரப்பர் குழாய்தான் வெடித்திருக்கும். கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். மூடியின் வாஷர் காய்ந்திருக்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் ஒழுகி, பாதியானதும் நின்றுவிட்டால் சந்தேகம் மேல் பக்கத்தில்தான். எப்போதும் சொட்டினால் அடித்தகட்டில்.

இப்போது ரப்பர் சீக்கிரம் கெட இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 100க்கு 20 பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பெங்களூரில்தான் இதைத் தொடங்கி வைத்தார்கள். கரும்பு, மக்காச்சோளம், அரிசி இவற்றிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். நம் பக்கத்து மண்டியா கரும்பு ஊர்தானே. விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரும்பு டேங்கில் துரு ஏறும். இதற்காகச் செய்யாத பழைய ரப்பர் குழாய் ஊறிக் கெட்டுப்போகும். அண்ணனுடைய ஆம்னி பழையது. ஆம்னி தயாரிப்பதையே 2019-ல் நிறுத்திவிட்டார்கள். அதனால் ரப்பரை மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடித்தகடே ஓட்டையானால் டேங்கை மாற்ற வேண்டியதுதான். ஆம்னி ரோட்டில் இன்னும் நிறைய ஓடுகிறது. அதனால் வெளியே செய்த டேங்கும் கிடைக்கும். பழைய வண்டியில் கழற்றிய நல்ல டேங்கும் கிடைக்கும். பழையது வாங்கினால் உள்ளே டார்ச் அடித்துத் துரு பார்க்க வேண்டும். டார்ச் என்றால் பாட்டரி டார்ச். சிரிக்காதீர்கள். தீக்குச்சி கிழித்துப் பார்த்தவர்களும் உண்டு.

டேங்கை இறக்கும் வேலையைப் பட்டறையிலேயே செய்யட்டும். நல்ல காற்றோட்டமான இடம் வேண்டும். பாட்டரி வயரை முதலில் கழற்ற வேண்டும். வீட்டு வாசல் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் அடுப்புப் பற்ற வைப்பார். ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து அங்கே போகும். அடுப்பிலிருந்து நெருப்பு அதே வழியில் திரும்பி வரும்.

அதுவரை? ஒழுகும் வண்டியை ஓட்டக் கூடாது. ஆள் ஏற்றக் கூடாது. வெறும் வண்டியாக இருந்தாலும் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நிறுத்தக் கூடாது. இரண்டு நாள் சவாரி போகும். எனக்குத் தெரியும். இரண்டு நாள் சவாரி போனால் வீட்டில் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதனால் நேற்றே நம் காய்கறிக் கடை அக்காவிடம் பேசினேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் மார்க்கெட்டிலிருந்து லோடு எடுக்க அவருடைய தம்பியின் ஆட்டோவை அண்ணன் ஓட்டலாம். தம்பி ஊருக்குப் போயிருக்கிறான். அக்கா, சரிதானே? தலையாட்டுகிறார். சரி.

டேங்கைப் பெரிதாக்கும் ஆசையை என்ன செய்வது? ஊட்டி இங்கிருந்து சுமார் 125 கிலோமீட்டர்தான் அண்ணா. நடுவில் நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை எல்லாம் இருக்கிறது. அங்கேயும் பங்க் உண்டு.

இப்போது உங்கள் பழைய சீட்டை எடுங்கள். இதோ சாக்பீஸ். பலகையில் ஒரு பக்கம் பழைய சீட்டை எழுதுங்கள். வெல்டிங் கம்பி, தகடு, இரண்டு அங்குலக் குழாய். எழுதியாயிற்றா? அதன் மேல் ஒரு கோடு போடுங்கள். இந்தப் பக்கம் புதுச் சீட்டு. ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்லுங்கள். அண்ணன் எழுதட்டும்.

ரப்பர் குழாய், எத்தனால் தாங்குவது, ஒன்று.
கிளிப், இரண்டு.
மூடி வாஷர், ஒன்று.
ஆம்னி டேங்க், ஒன்று. விலை கேட்க வேண்டும்.
பாட்டரி டார்ச், வீட்டிலிருந்து.

'குழாய்' இந்த முறை சரியாக எழுதிவிட்டீர்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நானும் பெரியப்பாவும் உங்கள் வண்டி நிற்கும் இடத்துக்கு வருகிறோம். ஒழுகும் இடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே சாமான் கடைக்குப் போவோம். மச்சானிடம் மிஷின் வேண்டாம் என்று இன்று இரவே சொல்லிவிடுங்கள். பேசும்போது பெரியப்பாவுக்கு இடது பக்கம் நில்லுங்கள்.